வெறும் வயிற்றுடன் வரவும்

இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குமா என்று கேட்டார்கள். நான் ஏறுவதற்கு இங்கே மாடியே இல்லை. மலேசியாவில் தம்பின் ஊரிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை மரங்களுக்கு நடுவில் வரிசையாக நிற்கும் வீடுகளில் ஒன்று எங்களுடையது; வாசலுக்குக்கூட ஒரே ஒரு படிதான். கடைசியாக எப்போது மாடி ஏறினேன் என்று யோசித்துப் பார்த்தேன். துறையூரில் நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளியில் எட்டாம் வகுப்பு மூன்றாவது மாடியில் இருந்தது. ஒரு கையில் பரீட்சைத் தாள்கட்டும் இன்னொரு கையில் சேலைக் கொசுவமுமாக ஒரு நாளைக்கு ஐந்து தடவை ஏறி இறங்கினேன். மூச்சு வாங்கியதா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கல்யாணம், விமானம், இந்தத் தோட்டம், ஐந்து வருஷம். இதையெல்லாம் எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்கார நர்ஸிடம் எந்த மொழியில் சொல்வது? “போலே” என்றேன். முடியும் என்று அர்த்தம். இங்கே வந்து நான் முதலில் கற்றுக்கொண்ட மலாய்ச் சொல் அதுதான்; முடிந்தாலும் முடியாவிட்டாலும் அதையே சொல்லிவிடுவேன். அவர் ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

மயக்க மருந்து கொடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பு இங்கே இப்படி ஒரு வாய்மொழிப் பரீட்சை வைக்கிறார்கள். தூங்கும்போது எத்தனை தலையணை? ஆடுகிற பல் உண்டா? கட்டின பல் உண்டா? குறட்டை விடுவீர்களா? குறட்டை என்றதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் சிவா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “நீங்களே சொல்லுங்க, விடுவேனா?” என்றேன். “நான் சொன்னா வீட்டுக்கு வந்து சண்ட போடுவ. நீயே சொல்லிக்கோலா” என்றார், இங்கத்து வழக்கப்படி கடைசியில் ஒரு ‘லா’ போட்டு. நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பேனாவை என் பக்கம் நீட்டி, பதிலுக்காகக் காத்திருந்தார். அந்த அறையில் முக்கால் மணி நேரம் இருந்தோம். ஒரு கேள்விகூட சிவாவிடம் கேட்கப்படவில்லை. கையெழுத்தும் நான்தான் போட்டேன்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு அது ஏன் எனக்கு அத்தனை விசித்திரமாகப் பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. பத்தொன்பது வயதில் எனக்குக் குடல்வால் அறுவை நடந்தது. துறையூரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு நர்சிங் ஹோம். டாக்டர் என் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்து அப்பாவிடம் பேசினார். அப்பா சித்தப்பாவிடம் பேசினார். சித்தப்பா வெளியே போய்ப் பெரியப்பாவுக்குப் போன் செய்தார். எனக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்பது வராந்தாவில் நின்ற பதினோரு பேருக்கும் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியாது. படிக்கிற பெண்ணிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று அன்றைக்கு மனம் எரிந்தது. ஆனால் அம்மா அந்த அறையில் தண்ணீர்ப் பாட்டிலைக்கூட வைக்க விடவில்லை. சித்தி பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்தபோது, வாசனை உள்ளே வரக்கூடாது என்று முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார். வெறும் வயிற்றோடு இருப்பது என் வேலையாக இருக்கவில்லை. அது அவர்கள் வேலை. நான் படுத்துக் கிடந்தால் போதும்.

இங்கே அது முழுக்க என் வேலை. அதை நான் எப்படிச் செய்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. யார் மேல் என்றும் சரியாகத் தெரியவில்லை.

என் வலது மார்பில் ஒரு கட்டி. மகள் யாழினிக்குப் பால் மறக்கடித்துச் சில மாதங்கள் கழித்து, குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. அப்போது புளியங்கொட்டை அளவு. பிறகு நெல்லிக்காய் அளவு. ஊசி வைத்து எடுத்துப் பார்த்தார்கள். பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை, ஆனால் வளர்கிறது, முழுசாக எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்கள். காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் அறுவைதான். முதலில் கொடுத்த தேதியில் எனக்குச் சளி பிடித்துக்கொண்டது; இருமலோடு மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தேதி வருவதற்குள் நான் எத்தனை முறை குளியலறையில் கையை உயர்த்தி அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. யாழினிக்கு மூன்று வயது. துறையூரில் இருக்கும் அம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை. முடிவு தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்: எடுத்து, பார்த்து, இதுதான் என்று யாராவது சொல்லிவிட வேண்டும்.

அதனால் இந்தத் தடவை ஒரு தவறும் நடக்கக்கூடாது என்று தயாரானேன். மருத்துவமனை கொடுத்த தாள் மலாயில் இருந்தது. சிவா இங்கேயே பிறந்து வளர்ந்தவர், எஸ்டேட் ஆபீஸில் கிராணி. இன்னும் குமாஸ்தாவுக்கு இங்கே அந்தப் பழைய பெயர்தான். அவர் வரி வரியாகச் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதி குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். நகப்பூச்சு கூடாது. நகை கூடாது. தளர்ந்த உடை. கூடவே ஒருவர் வர வேண்டும். வெறும் வயிற்றுடன் வரவும்: நள்ளிரவுக்குப் பிறகு உணவு இல்லை, காலை ஆறு வரை வெறும் தண்ணீர் மட்டும். அந்தக் கடைசி வரியின் கீழ் சிவப்பு மையில் இரண்டு கோடு. என் மாமியாரிடம் சத்தமாக வாசித்தும் காட்டினேன். அத்தை என்று கூப்பிடுவேன். முப்பது வருஷம் இந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டு எத்தனையோ காலமாகிவிட்டது, ஆனால் விடியற்காலை நாலரைக்கு எழுகிற பழக்கம் அவரை விடவில்லை. “எங்கிட்ட எதுக்கு வாசிக்கிற? எனக்கா ஆப்ரேஷன்?” என்று கேட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பசாருக்குப் போய்விட்டார்.

மூக்குத்திதான் பெரிய பாடு. திருகு மூக்குத்தி, பத்து வருஷமாகக் கழற்றியதில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். முந்தின நாள் மாலை சிவா கார் சாமான் பெட்டியிலிருந்து குறடை எடுத்துக்கொண்டு வந்தார்.

“ஆடாத. மூக்கு கையோட வந்துரும்.”

“அந்தப் பயத்துலதான் ஆடுறேன்.”

கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அத்தை எட்டிப் பார்த்தார். “டேய், மூக்குத்தி போனா போவுது. மூக்க வுட்டுட்டு எடுடா.”

அரை மணி நேரத்தில் மூக்குத்தி வந்தது, மூக்கும் இருந்தது. தாலிச் சங்கிலியை அத்தையே கழற்றி வாங்கிக்கொண்டு மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டார். அன்று எஸ்டேட் முருகன் கோயிலில் என் பெயருக்கு அபிஷேகம் சொல்லியிருந்தார். அவர் போன பிறகு நான் ஒரு நோட்டில் யாழினியின் நாளை எழுதினேன்: எப்போது பால், எந்தக் கிண்ணம், எந்தப் பாட்டுப் போட்டால் சாப்பிடுவாள், தடுப்பூசி அட்டை எந்த அலமாரியில் இருக்கிறது. நான்கு பக்கம் வந்தது. சிவா வாங்கிப் புரட்டிவிட்டு, “ஒரு மாசம் வெளியூர் போற மாரி எழுதியிருக்க. சாயங்காலம் வந்துருவோம்லா” என்றார். “வரலன்னா?” என்றேன். அவர் நோட்டை மூடி மேசையில் வைத்துவிட்டு, குறடைத் துடைத்து உள்ளே வைக்கப் போனார்.

காலையில் ஐந்தேகாலுக்கெல்லாம் குளித்துத் தயாராக நின்றேன். யாழினி தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தை சாமி படத்தின் முன் நின்று என் நெற்றியில் விபூதி பூசி, எனக்கும் சிவாவுக்கும் கோயில் பிரசாதம் கொடுத்து, “போய்ட்டு நல்லபடியா வா” என்றார். காலில் விழுந்து எழுந்தேன். கார் தோட்டத்துச் செம்மண் பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறி, சிரம்பான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. வழியெல்லாம் நான் குளிர்பெட்டிக் கதவுத் தாளை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றும் சரியாக இருந்தது.

பகல்நேர அறுவைப் பிரிவின் வாசலில் பெயர் பதிகிற இடத்தில் ஒரு தமிழ்ப் பெண்மணி இருந்தார். ஐம்பது வயதிருக்கும். என் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“வாம்மா வான்மதி. சாப்டாச்சா?”

“ஆச்சுக்கா. நீங்க?”

அவர் கையில் இருந்த பேனா அப்படியே நின்றது. “என்னம்மா சொல்ற? சாப்டியா?”

“ஐயோ, இல்லக்கா. சும்மா சொன்னேன்.”

“சும்மாவா? இங்க வந்து யாராச்சும் சும்மா சொல்லுவாங்களா? இப்ப நான் என்னான்னு எழுத?”

சிவா குறுக்கே வந்தார். “சாப்டலக்கா. நேத்து எட்டு மணிக்கு நாலு இட்லி, அவ்ளோதான். ஊர்லேர்ந்து வந்தவங்க அப்படித்தான். யார் கேட்டாலும் சாப்டாச்சும்பாங்க.”

“முருகா. இந்தியாக்காரங்ககிட்ட நலம் விசாரிக்கவும் பயமா இருக்குலா” என்று சிரித்துக்கொண்டே அவர் எழுதினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டது அவர். எங்கள் பக்கம் அந்தக் கேள்விக்கு இல்லை என்று யார் சொல்வார்கள்? சொன்னால் கேட்டவர் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியிருக்கும். அவர் சங்கடப்படக் கூடாது என்றுதான் சாப்பிடாமலே சாப்பிட்டாச்சு என்கிறோம். ஐந்து வருஷமாக நான் இங்கே எல்லோருக்கும் அப்படித்தான் பதில் சொல்லிவருகிறேன். இத்தனை தயார் செய்து வந்தும் முதல் கேள்வியிலேயே தப்பாகச் சொல்லிவிட்டேனே என்று காது சூடாகிவிட்டது. அதற்குப் பிறகு மூன்று பேர் மூன்று இடங்களில் கேட்டார்கள். எடை பார்த்தவர், கையில் ஊசி ஏற்றியவர், உடை மாற்றக் கொடுத்தவர். மூன்று பேரிடமும் “தாக் அடா” என்றேன், இல்லவே இல்லை என்று. கையையும் சேர்த்து ஆட்டினேன். ஒவ்வொரு தடவையும் முந்தினதை விடச் சத்தமாக.

அறுவைக் கூடத்துக்கு வெளியே ஒரு நீண்ட, குளிர்ந்த அறையில் கட்டிலோடு நிறுத்தினார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார். சீனப் பெண், என் வயதுதான் இருக்கும். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. பெயர் கேட்டார், எந்தப் பக்கம் என்று கேட்டார், வாயை நன்றாகத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். மூடும்போது நாக்கு கடைவாய்ப் பல்லில் போய்த் தட்டியது. அங்கே ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நாக்கால் நெம்பினேன். உலர்ந்த திராட்சையின் தோல். இலேசான ஏலக்காய் வாசனை.

பஞ்சாமிர்தம்.

அத்தை கரண்டியால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தது, நான் கண்ணில் ஒற்றிக்கொண்டது, வாயில் போட்டு விழுங்கிவிட்டு மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டது எல்லாம் அப்போதுதான் என் கண் முன்னால் நடப்பது போல் வந்தது. காலையிலிருந்து நாலு பேர் கேட்டும் அது நினைவுக்கு வரவில்லை. மறந்தேன் என்றும் சொல்ல முடியாது. சாப்பாடு என்ற பேச்சில் அது என்றைக்கும் சேர்ந்ததே இல்லை. அத்தை ஒரு வாய் தேநீர் கொடுத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஒரு பிஸ்கட்டைப் பார்த்திருந்தால் ஓடியிருப்பேன். பிரசாதத்துக்கு வேண்டாம் என்று ஒரு பதில் உண்டு என்பதே எனக்குத் தோன்றவில்லை.

டாக்டர் அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். இன்னும் பத்து நிமிடத்தில் உள்ளே போய்விடுவேன். ஒரு கரண்டிதானே, அதற்குள் கரைந்திருக்காதா? சொன்னால் திருப்பி அனுப்புவார்கள். மறுபடி தேதி, மறுபடி குளியலறை. சிவாவுக்கு மறுபடி லீவு கேட்க வேண்டும். சொல்லாவிட்டால்? நான்கு பக்கம் எழுதி வைத்த நோட்டு நினைவுக்கு வந்தது.

“டாக்டர்,” என்றேன். “ஐ டுக் பிரசாதம்.”

“வாட் மெடிசின்?”

“நாட் மெடிசின். ஃப்ரம் டெம்பிள்.”

“ஃபுட்?”

“நாட் ஃபுட், டாக்டர். காட்ஸ்.”

“யூ ஸ்வாலோ?”

“எஸ்.”

“தென் ஃபுட் லா.”

அதில் என்னென்ன இருக்கும் என்று கேட்டார். வாழைப்பழம் என்றேன். தேன். பேரீச்சம்பழம். கல்கண்டு. ஒவ்வொன்றுக்கும் அவர் புருவம் கொஞ்சம் ஏறியது. நெய் என்றபோது தாளைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டார். ஆழ்ந்த மயக்கத்தில் தொண்டையும் தூங்கிவிடும், வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேரே நுரையீரலுக்குப் போகும் என்று, நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல் நிதானமாகச் சொன்னார். கொஞ்சம்தான் என்றேன். “கொஞ்சமோ நிறையவோ, பழமும் நெய்யும் சாப்பாடுதான். உங்கள் வயிற்றுக்கு அது கோயிலிலிருந்து வந்தது என்று தெரியாதே” என்றார். ஆறு மணி நேரம் ஆக வேண்டும். சர்ஜன் ஒரு மணிக்கு மேல் இங்கே இருக்க மாட்டார். முன்னால் இருப்பவர்கள் சீக்கிரம் முடிந்தால் என்னைக் கடைசியாக வைத்துப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் வேறு தேதி. போகும்போது திரும்பி, “சொன்னது நல்லதாயிற்று. ஆனால் ஏன் அத்தனை பேரிடம் இல்லை என்றீர்கள்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வகுப்பில் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளைகள் நின்றது போலக் கிடந்தேன். நான் பொய்யும் சொல்லவில்லை.

கட்டிலை வெளியே தள்ளிவந்து ஒரு திரைக்குப் பின்னால் விட்டார்கள். சிவாவை உள்ளே அனுப்பினார்கள்.

“பஞ்சாமிர்தமா?” என்றார். “ஏன்மா, அம்மா கையில வைக்கிறப்ப யோசிக்கலையா?”

“நீங்களும்தான் பக்கத்துல நின்னீங்க. நீங்களும் வாங்கிச் சாப்பிட்டீங்க.”

“எனக்கு ஆப்ரேஷன் இல்லலா. நீ படிச்சவ. செகப்பு மையில கோடெல்லாம் போட்ட.”

அந்தக் கோட்டைச் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. அவரிடமிருந்து போனை வாங்கி வீட்டுக்கு அடித்தேன். அடித்திருக்கக் கூடாது.

“என்னா, முடிஞ்சிருச்சா?” என்றார் அத்தை. பின்னால் யாழினியின் கார்ட்டூன் சத்தம் கேட்டது.

“இல்ல அத்த. பஞ்சாமிர்தம் சாப்பிட்டதால நிறுத்தி வச்சிருக்காங்க.”

“அது சாப்பாடா? சாமிக்குப் படைச்சதுலா. ஒரு கரண்டி.”

“டாக்டர் ஒத்துக்கல.”

“அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?”

“நான்தான் சொன்னேன்.”

“நீ ஏன் சொன்ன?”

“சொல்லாம உள்ள போயிருந்தா செத்துருப்பேன் அத்த.”

இப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. அந்தப் பக்கம் கார்ட்டூன் சத்தம் குறைந்தது. பிறகு, “நான் என்னா வெஷமா குடுத்தேன்?” என்று கேட்டார். குரல் சின்னதாகிவிட்டிருந்தது. நான் பதில் சொல்வதற்குள் போனை யாழினியிடம் கொடுத்துவிட்டார். அவள் எனக்கு ஒரு யானையைப் பற்றிச் சொன்னாள்.

அதற்குப் பிறகு காத்திருப்பது தவிர வேறு வேலை இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். கட்டில்கள் உருண்டு போயின, உருண்டு வந்தன. மெல்லிய பச்சை உடுப்புக்குள் குளிர் ஏறியது. காலையில் பெயர் பதிந்த பெண்மணி போர்வையோடு வந்தார். “பஞ்சாமிர்தமாமே? அதுக்குத்தான் வாசல்லயே சாப்டாச்சுன்னு உண்மையச் சொன்னியா?” என்று கேட்டு என் காலை மூடிவிட்டுப் போனார். பிரிவு முழுக்கத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. அத்தை மேல் கோபம் வந்தது. சிவா மேல் வந்தது. தாளில் பிரசாதமும் கூடாது என்று எழுதாதவர்கள் மேல்கூட வந்தது. இங்கே எத்தனை ஆயிரம் தமிழர்கள், ஒருவருக்கும் இது நடந்ததில்லையா? நடந்திருக்கும். சொல்லாமல் உள்ளே போயிருப்பார்கள், ஒன்றும் ஆகாமல் எழுந்து வந்திருப்பார்கள், சாமி காப்பாற்றியது என்றிருப்பார்கள். அப்படியானால் நான் சொன்னது சரியா? அதையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

ஆனால் உள்ளங்கையை ஏந்தியது நான்தான். வேறு எதையும் நினைக்க முடியாமல் படுத்திருந்தபோதுதான் அதை எனக்கே ஒப்புக்கொண்டேன். பழக்கத்தில் மட்டும் வாங்கவில்லை, ஆசையோடு வாங்கினேன். மயங்கியவள் எழுந்து வராமல் போனால் என்ன செய்வது என்று இரண்டு வாரமாக எனக்குள் ஒரு பயம். மருத்துவமனை என்னிடம் தலையணை எத்தனை என்று கேட்டது, பல் ஆடுகிறதா என்று கேட்டது. பயமாக இருக்கிறதா என்று கேட்கும் கட்டம் அந்தத் தாளில் இல்லை. வரலன்னா என்று நான் கேட்டபோது சிவாவுக்குக் குறடைத் துடைக்கத்தான் தெரிந்தது. துறையூரில் பதினோரு பேர் வராந்தாவில் நின்றார்கள். அவர்கள் இருந்த தைரியத்தில் எனக்குப் பயப்பட வேண்டியிருக்கவில்லை. இங்கே அந்தப் பதினோரு பேருக்கும் பதிலாக இருந்தது ஒரு கரண்டிதான். கொடுத்தவருக்கும் அதைத் தவிர வேறு எதுவும் கொடுக்கத் தெரியாது. அவரிடம் போய் நான் செத்துருப்பேன் என்று சொன்னேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். சர்ஜன் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்ப ஒப்புக்கொண்டாராம். அதே பெண் டாக்டர் என் தலைமாட்டில் நின்றார். “இனி எதுவும் இல்லையே?” என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். காலையில் ஒரு சிட்டிகை விபூதி நாக்கில் போட்டுக்கொண்டதையும் சொன்னேன். “ஆஷ்?” என்றார். கண்களை மூடித் திறந்தார். “தட் ஒன் நெவர் மைண்ட்” என்றார். அப்போதும் காலையில் பல் துலக்கியபோது எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனை முடிவதற்குள் முகமூடி வந்தது.

விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது. வலது பக்கம் யாரோ முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்பது போல் கனத்தது. “முடிஞ்சுதா?” என்றேன். பக்கத்தில் நின்ற மலாய்க்கார நர்ஸுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் புரிந்தது. “சுடா, சுடா” என்றார், ஆகிவிட்டது என்று. சர்ஜன் போய்விட்டிருந்தார். முழுசாக வந்துவிட்டது, பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் லேப் சொல்ல வேண்டும், மூன்று வாரம் என்று அவர் சொல்லிவிட்டுப் போனதை டாக்டர் வந்து என்னிடம் சொன்னார். இத்தனைக்குப் பிறகும் மூன்று வாரம். அழுகை வந்தது, மயக்க மருந்தினால் அப்படி வரும் என்று ஒரு டிஷ்யூ கொடுத்தார்கள்.

ஊரில் அறுத்தெடுத்ததைக் கிண்ணத்தில் போட்டு வெளியே கொண்டுவந்து உறவினர்களுக்குக் காட்டுவார்கள். என் குடல்வாலை வராந்தாவில் இருந்த எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மண்புழு மாதிரி இருந்தது என்று சித்தப்பா பல வருஷம் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததில்லை. இங்கே சிவாவுக்குக் காட்டவில்லை. நர்ஸ் மூடி போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் புட்டியை எடுத்துவந்து, அதில் ஒட்டியிருந்த சீட்டையும் என் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். தெளிந்த நீரில் மஞ்சளும் வெளுப்புமாக ஒன்று கிடந்தது. நான் நினைத்ததை விடச் சிறியது. சீட்டில் என் பெயர். இங்கே பிறந்த தமிழ்ப் பெண்களின் பெயரோடு இன்னாரின் மகள் என்பதற்கு இரண்டு எழுத்துச் சேர்த்து எழுதுவார்கள். என்னுடையதில் அது இல்லை. அடையாள அட்டை எண் இருக்க வேண்டிய இடத்தில் என் இந்தியக் கடவுச்சீட்டு எண். அதற்குக் கீழே எஸ்டேட் விலாசம்.

என் எலும்பும் சதையும் துறையூரில் வளர்ந்து இங்கே வந்தவை. இது மட்டும் வந்த பிறகு, இந்தத் தோட்டத்துக் குழாய்த் தண்ணீரிலும் இந்த நாட்டுச் சோற்றிலும் உண்டானது. யாழினிக்கு அடுத்தபடியாக என் உடம்பு இந்த மண்ணில் உண்டாக்கியது இதுதான். அவள் பிறந்தபோது இந்த நாட்டுக் குடிமகள் என்று ஒரு பத்திரம் கொடுத்தார்கள். இதன் மேல் இந்தியா என்று ஒட்டியிருந்தது.

“பெத்துல்?” என்றார் நர்ஸ். சரிதானா என்று கேட்கிறார். எல்லா எழுத்தையும் இன்னொரு முறை படித்தேன். “பெத்துல்” என்றேன். அவர் புட்டியைத் தட்டில் மற்றப் புட்டிகளோடு வைத்து, தள்ளுவண்டியை இடது பக்கக் கதவு வழியாக லேபுக்கு அனுப்பினார். என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, வலது பக்கக் கதவு வழியாக சிவா நின்ற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.